ஸஜீத் சுட்ட பான்கேக்

கற்பிட்டியில் கடல்நீர்க் களப்பின் ஓரத்தில் இருந்த அந்த லொட்ஜில் ஸஜீத் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவன் சுட்டுக் கொடுத்த பான்கேக், ஒரு கடி மட்டும் குறைந்து குசினிக்குத் திரும்பி வந்தது.

அதுவரை அவன் புத்தளம் பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போட்டவன். பான்கேக் என்றால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோதுமை மாவைத் தண்ணீராகக் கரைத்து, மஞ்சள் ஒரு சிட்டிகை போட்டு, தாச்சியில் மெல்லிசாக ஊற்றி எடுத்து, சர்க்கரைப் பாணியில் கிளறிய தேங்காய்ப்பூவை நடுவில் வைத்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிவிட வேண்டும். ஊரில் எல்லாக் கடையிலும் அதுதான் பான்கேக். நோன்பு திறக்கிற நேரம் அதைச் சுட்டு வைத்தால் தட்டு காலியாவது தெரியாது.

பீங்கானைத் திருப்பிக் கொண்டுவந்தவன் அமல்ராஜ். கண்டக்குழியில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, ஸஜீத்தின் வயதுதான். லொட்ஜில் மேசைகளைக் கவனிப்பது அவன் வேலை.

"மச்சான், நல்லம் எண்டுதான் சொல்றாங்க" என்றான். "எண்டாலும் இது பான்கேக் இல்லையாம்."

"அப்ப இது என்னவாம்?"

"அது அவங்களுக்கும் தெரியாதாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் அவர்கள் பழக்கம் தொடங்கியது. ஆனால் சனிக்கிழமை கொழும்பிலிருந்து வந்த முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பட்டம் பிடித்துக் களப்பில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் காலையில் தடித்த, பஞ்சுபோன்ற பான்கேக் கேட்கிறார்கள் என்றும், பக்கத்து லொட்ஜில் அது கிடைக்கிறதென்றும், ஸஜீத்துக்கு வராவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சிங்களத்தில் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஸஜீத் வீட்டில் பழகினான். பின்னேரம் வேலை முடிந்து வந்ததும் குசினிக்குள் நுழைந்து போனில் ஏதாவது ஒரு வீடியோவைப் பார்த்து மாவைக் கரைப்பான். கொத்துப் போட்ட கை. கட்டி ஒன்று தட்டுப்படக் கூடாதென்று மாவை அடியோ அடியென்று அடித்தான். வந்தது தடிப்பாகத்தான் வந்தது. ஆனால் கடித்தால் பல்லோடு இழுபட்டது. அவன் மனைவி இல்மா ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு வார் வெச்சா காலுல போட்டுக்கிட்டுப் போகலாம்" என்றாள்.

மகள் ருஷ்தா அப்போது சின்னப் பிள்ளை. வாப்பா செய்ததென்று எல்லாவற்றையும் தின்றாள்.

பிழை தன் கையில்தான் என்று ஸஜீத்துக்கு விளங்க நாளெடுத்தது. இந்த மாவை அடிக்கக் கூடாது. ஈரமும் மாவும் ஒன்றையொன்று பிடித்தவுடன் அகப்பையை எடுத்துவிட வேண்டும்; சின்னச் சின்னக் கட்டிகள் கிடந்தால் கிடக்கட்டும். பாலில் கொஞ்சம் தேசிக்காய்ப்புளி விட்டு அது திரைகிற வரைக்கும் வைத்தால் மாவு நன்றாகப் பொங்கும். முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்து, கடைசியில், அடியிலிருந்து மேலுக்கு மெதுவாகப் புரட்டிச் சேர்க்க வேண்டும். நெருப்பு அடங்கி எரிய வேண்டும். மேலே கொப்புளங்கள் வெடித்து, ஓரம் மினுக்கம் போன பிறகு ஒரே ஒரு தரம் திருப்பலாம். திருப்பிய பிறகு அகப்பையால் அமுக்கக் கூடாது. ரொட்டிக்காரனுக்கு அதுதான் பெரிய கஷ்டம். கல்லில் கிடக்கிற எதையும் தட்டாமல் விடுவதற்கு அவன் கை கேட்கவில்லை. வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்ற நாட்களும் உண்டு.

ஒரு நாள் அது எழும்பியது. இல்மா வளைத்துப் பார்க்கவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். பிறகு இன்னொரு துண்டைப் பிய்த்தாள்.

அதற்குப் பிறகு லொட்ஜில் அவன் பெயர் நிலைத்துவிட்டது. போன வருடம் வந்தவர்கள் இந்த வருடமும் வந்து, பையை வைக்குமுன் குசினிக்குள் எட்டிப் பார்த்து "ஸஜீத்" என்றார்கள். முதலாளி வேறு ஆளைப் பற்றிப் பேசுவதை விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அமல்ராஜ் பூசைக்குப் போக வேண்டும் என்பதால் ஸஜீத்தே சுட்டு, ஸஜீத்தே மேசைக்கும் கொண்டுபோவான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவன் போகிற நேரம் அமல்ராஜ் அடுப்பைப் பார்த்துக்கொள்வான். ஆவணி மாதம் தலவில் ஊர்த் தேவாலயத் திருவிழாவுக்கு அமல்ராஜின் அக்கா மெரினா நீர்கொழும்பிலிருந்து வந்து, கோயில் வளவில் மரத்துக்குக் கீழே கூடாரம் போட்டுத் தங்குவாள். ஸஜீத்தும் இல்மாவும் பிள்ளையோடு அங்கே போவார்கள். மெரினா அவர்களுக்கென்று மீன் மட்டும் போட்டுத் தனியாக ஒரு சட்டியில் சமைத்து வைத்திருப்பாள். "தம்பி, அந்தச் சட்டிக்குள்ள வேற அகப்ப போடல்ல, நம்பிச் சாப்பிடுங்க" என்பாள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் வருடத்து ஈஸ்டருக்கு அமல்ராஜ் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். ஸஜீத் வழக்கம்போல் குசினிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தான். வெளியே இருந்த ஒரு கிழவர் போனைப் பார்த்தபடியே கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். பிறகு மற்றவர்களும் எழும்பினார்கள். கொழும்பில், நீர்கொழும்பில், மட்டக்களப்பில், கோயில்களில் குண்டு என்றார்கள். ஸஜீத் குசினிக்குள் ஓடி வந்து போனை எடுத்தான். அமல்ராஜின் போன் அடித்துக்கொண்டே இருந்தது; யாரும் எடுக்கவில்லை. கல்லில் கிடந்தவை கருகிப் புகைந்தன. அடுப்பை அணைக்க அவனுக்குத் தோன்றவில்லை.

பின்னேரம்தான் வேறு யாரோ எடுத்தார்கள்.

"அமலுக்கு ஒண்டுமில்ல. அக்கா இல்ல" என்றது ஒரு பெண் குரல். ஸஜீத் வாயைத் திறக்குமுன் அது வைத்துவிட்டது.

மெரினாவின் கடைசி மகன் பூசை நடுவில் புழுக்கம் தாங்காமல் அழுதிருக்கிறான். அவனைத் தூக்கிக்கொண்டு அமல்ராஜ் வெளியே மரநிழலுக்கு வந்திருக்கிறான். அதனால் அவர்கள் இரண்டு பேரும் தப்பினார்கள். இதெல்லாம் ஸஜீத்துக்குப் பிறகு, பலர் வாயால் தெரிந்தது.

செய்தது முஸ்லிம் பெயர் கொண்ட ஒரு கூட்டம் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஸஜீத் அடக்கத்துக்குப் போக வேண்டும் என்றான். இல்மா வாசலில் நின்றாள்.

"எனக்கு மெரினா அக்காவ ஞாபகம் இல்லயா?" என்றாள். "போற வழியெல்லாம் மறிச்சுப் பேர் கேப்பாங்க. நீங்க என்ன சொல்லுவீங்க? தொப்பி போடாமப் போனாலும் உங்கட பேர் ஸஜீத்தானே?"

அவன் போகவில்லை. ஊரடங்குச் சட்டம் போட்டிருந்தார்கள், பஸ் ஓடவில்லை, எல்லாம் உண்மைதான். ஆனாலும் அவனுக்குள் ஒன்று, ஊரடங்கு இல்லாவிட்டாலும் நீ போயிருக்க மாட்டாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. வெள்ளைக்காரர்கள் ஒரே நாளில் புறப்பட்டுப் போய்விட்டார்கள். முதலாளி லொட்ஜை மூடி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். கச்சான் காற்று தன் நேரத்துக்கு வந்தது. களப்பில் ஒரு பட்டமும் இல்லை.

நோன்பு தொடங்கிய பிறகு ஆமிக்காரர்கள் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார்கள். ஸஜீத் வீட்டுக்கு வந்தவர்கள் அலுமாரியைத் திறந்தார்கள், மெத்தையைப் புரட்டினார்கள், பிறகு குசினிக்குள் போனார்கள். மாவு டின்னுக்குள் ஒருவன் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தான். மேல் தட்டில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் வெள்ளைத் தூள் இருந்தது. கடையில் மொத்தமாக வாங்கி ஸஜீத் போட்டு வைத்திருந்த பேக்கிங் பவுடர்.

"இது என்ன?"

ஸஜீத் சிங்களத்தில் சொன்னான். பான்கேக் பொங்குவதற்குப் போடுவது.

"பொங்குறதுக்கா?" என்றான் வந்தவன். மற்றவன் திரும்பிப் பார்த்தான். "எதைப் பொங்க வைக்கிறாய்?"

ஸஜீத் திரும்பவும் சொன்னான். லொட்ஜின் பெயரைச் சொன்னான். வெள்ளைக்காரர்கள் காலையில் சாப்பிடுவது என்றான். அவர்கள் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார்கள். பிறகு முதலாமவன் அதை ஸஜீத்திடம் நீட்டினான்.

"சாப்பிடு."

"நோன்பு" என்றான் ஸஜீத்.

வந்தவன் போத்தலை நீட்டியபடியே நின்றான். பின்னால் ருஷ்தா உம்மாவின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஸஜீத் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி வாயில் போட்டான். தூள் நாக்கில் பட்டதும் நுரைத்தது. உப்பும் சவர்க்காரமுமாக ஒரு கரிப்பு. விழுங்கு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் துப்புவதற்கும் அவனுக்குப் பயமாக இருந்தது. விழுங்கினான். அவர்கள் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துவிட்டு, போத்தலை மேசையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஒன்றையும் உடைக்கவில்லை, ஒருவரையும் தொடவில்லை. பக்கத்து வீடுகளில் நடந்ததைக் கேட்டவர்கள், உங்களை அல்லாஹ் காப்பாற்றினான் என்றார்கள்.

அன்று இல்மா அந்தப் போத்தலைத் தூளோடு கொண்டுபோய்க் குப்பைக்குழியில் போட்டாள். ஸஜீத் தடுக்கவில்லை.

மெரினாவின் முப்பத்தோராம் நாள் பூசை கழிந்து அமல்ராஜ் கண்டக்குழிக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, ஸஜீத் இல்மாவிடம் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். வழியெல்லாம் என்ன சொல்வதென்று நினைத்துக்கொண்டு போனான். அமல்ராஜ் வாசல் படலைக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. கறுப்புத் துணிப் பட்டி சட்டையில் குத்தியிருந்தது. படலையைப் பிடித்துக்கொண்டு நின்றானே தவிர அவன் திறக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பிள்ளையின் குரல் கேட்டது; அது மெரினாவின் மகனாக இருக்க வேண்டும்.

"மச்சான்" என்றான் ஸஜீத்.

அமல்ராஜ் அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்ப வேணாம், ஸஜீத்" என்றான். "போ. அம்மா பார்த்தா தாங்க மாட்டா."

ஸஜீத் சைக்கிளைத் திருப்பினான். மச்சான் என்று அவன் திருப்பிச் சொல்லாதது, பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது.

வருடக் கடைசியில் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். லொட்ஜைத் திறந்து, தோட்டக்காரனிலிருந்து துணி துவைக்கிறவள் வரை எல்லோரையும் கூப்பிட்டார்கள். ஸஜீத்தைக் கூப்பிடவில்லை. அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு முதலாளிக்குப் போன் எடுத்தான். அவர் நல்ல மனிதர்; எடுத்தார்.

"உன்னில் எனக்கு ஒரு குறையும் இல்லை ஸஜீத்" என்றார். "வெள்ளைக்காரர்களும் உன்னைத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஸஜீத் வந்தால் நான் வரமாட்டேன் என்று அமல் சொல்லிவிட்டான். அவன் வீட்டில் நடந்ததற்குப் பிறகு நான் அவனிடம் என்ன பேச முடியும்? நீயே சொல்."

ஸஜீத் "சரி சேர்" என்று வைத்துவிட்டான்.

முதலாளி நீக்கியிருந்தால் அவரைத் திட்டலாம். ஊர்ச்சனம் சொல்லி நீக்கியிருந்தால் அவர்களைத் திட்டலாம். இதில் யாரைத் திட்டுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. கோபம் வந்தால் மெரினாவின் முகம் குறுக்கே வந்தது. மெரினாவை நினைத்து அழுகை வந்தால், படலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அமல்ராஜின் கை குறுக்கே வந்தது. ஒன்றையும் முழுதாகப் பட முடியாமல் அது அவனுக்குள் புளித்துக் கிடந்தது.

அவர்கள் கற்பிட்டி வீட்டை விட்டு இல்மாவின் ஊரான கனமூலைக்குப் போனார்கள். பக்கத்தில் மதுரங்குளியில் ஒரு கடையில் ஸஜீத் மீண்டும் ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்றான். தட்டுகிற வேலை. கைக்கு அது மறக்கவில்லை. கொரோனா வந்து போனது. கேஸ் இல்லாமல் விறகில் ரொட்டி போட்ட காலமும் வந்து போனது. ருஷ்தா வளர்ந்தாள். அந்தப் பஞ்சுப் பான்கேக் ஒன்று செய்யச் சொல்லி அவ்வப்போது கேட்பாள்.

"சாமான் இல்ல மகள்" என்பான். முட்டை விலை ஏறிய காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டு அவன் படுத்திருந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. இல்மா யன்னலால் பார்த்துவிட்டு வந்தாள்.

"அமல்ராஜ்" என்றாள். "ஆள் இல்ல எண்டு சொல்லவா?"

ஸஜீத் எழும்பி உட்கார்ந்தான். "வரச் சொல்லு" என்றான்.

அமல்ராஜ் உள்ளே வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தான். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு பை. லொட்ஜில் இப்போது நல்ல சனம் என்றான். வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் கட்டாருக்கும் டுபாய்க்கும் போய்விட்டார்கள். குசினி இப்போது தன் பொறுப்பில் என்றான். எல்லாம் சமாளிக்கிறான், பான்கேக் மட்டும் வரவில்லை. போனில் பார்த்துச் செய்கிறான். எழும்பி, எடுத்தவுடன் அமிழ்ந்துபோகிறது. முதலாளி போன கிழமை ஒரு மாதிரிக் கதைத்தாராம்.

"அதான் வந்தன்" என்றான். பையைக் காட்டினான். "மா, முட்டை, பால் எல்லாம் கொண்டு வந்திருக்கன். உங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதெண்டு."

குசினி வாசலில் நின்ற இல்மாவின் முகம் இறுகியது. ஸஜீத் பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனான்.

அவன் ஒன்றையும் ஒளிக்கவில்லை. பாலில் புளி விட்டு வைத்தான். மாவை அடிக்காமல் கிளறி, எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டினான். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துப் புரட்டிச் சேர்த்தான். அமல்ராஜ் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முதலாவது கல்லில் கிடந்து மெதுவாகப் பொங்கத் தொடங்கியபோது, ஸஜீத் அதிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"அக்காட மையத்து அடக்கத்துக்கு நான் வரல்ல எண்டுதானா கோவம்?"

"இல்ல" என்றான் அமல்ராஜ். "நீ வராதது நல்லம். வந்திருந்தா அங்க உன்னை அடிச்சிருப்பாங்க. நானும் பார்த்துக்கொண்டு நிண்டிருப்பன்."

ஸஜீத் திருப்பினான். அது பொன்னிறமாகத் திரும்பி விழுந்தது.

"நீ அதில சேந்தவன் இல்லையெண்டு எனக்குத் தெரியும்" என்றான் அமல்ராஜ். "அண்டைக்கும் தெரியும். தெரிஞ்சும் உன்னைப் பார்க்க ஏலாமப் போச்சு. உன்ர குரல் கேட்டா அந்தச் சத்தம் கேக்கும். மொதலாளியிட்ட நான்தான் சொன்னன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அப்பயே சொன்னாரு." ஸஜீத் அடுத்ததை ஊற்றினான். "இப்ப என்ட குரல் கேக்க ஏலுமா இரிக்கா?"

அமல்ராஜ் தலையை மட்டும் ஆட்டினான். ஓம் என்றா இல்லை என்றா, ஸஜீத்துக்கு விளங்கவில்லை.

"அப்ப மொதலாளியிட்ட இப்ப சொல்லலாமே" என்றான் ஸஜீத். கேட்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே கேட்டான். "நான் வந்தா பிரச்சினை இல்ல எண்டு."



"இப்ப நான்தான் அங்க குசினி, ஸஜீத்" என்றான் அமல்ராஜ். "மேசை வேலைக்குப் பெடியன்மார் இருக்கிறாங்க. அக்காட மகனை வளக்கிறதும் நான்தான். குசினியில ரெண்டு பேருக்கு வேலை இல்ல."

ஸஜீத் மிச்ச மாவையும் சுட்டு முடித்தான். ருஷ்தா வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து அவள் உம்மாவிடம், "நல்லா வந்திரிக்கி உம்மா, பாருங்களேன்" என்று சொல்வது கேட்டது. இல்மா தொடவில்லை. அமல்ராஜ் ஒன்றை நின்றபடியே தின்றான். பிறகு கை கழுவி, உள்ளே கூப்பிட்டதற்கும் சொல்லித் தந்ததற்கும் நன்றி சொல்லி, மோட்டார் சைக்கிளில் ஏறினான். வாங்கி வந்த மாவில் மிஞ்சியதை விட்டுவிட்டுப் போனான்.

"அவனுக்கு ஏன் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டாள் இல்மா. "நாலு வருஷமாக் கல்லுல நிண்டு மாயுறீங்க. அவன் வந்து கேட்டான், நீங்க குடுத்தீங்க."

"அவன்ட அக்கா செத்துப் போனா."

"அவவ நாமளா கொன்ட?"

மெரினாவுக்குத்தான் கொடுத்தேன் என்று ஸஜீத் சொல்லலாம். அதுவும் முழு உண்மை இல்லை. பாதி சுடும்போதே, தன் இடம் தனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்துவிட்டான். அந்த நினைப்புத்தான் இப்போது வெட்கமாக இருந்தது.

சில கிழமைகளுக்குப் பிறகு, கடையில் மாலைக் கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்ற நேரம் அமல்ராஜின் போன் வந்தது. ஸஜீத் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"ஸஜீத், நல்லாத்தான் வருது" என்றான் அமல்ராஜ். "ஆனா முதல் மேசைக்கு எழும்புது, பிறகு வாற ஆக்களுக்குத் தட்டையாப் போகுது. ஏன் அப்பிடி?"

எல்லா மாவுக்கும் நுரையை ஒரேயடியாகச் சேர்த்து வைக்கிறான். நுரை காத்திருக்காது, அந்தந்த மேசைக்கு அந்தந்த நேரம் அடித்துச் சேர்க்க வேண்டும். ஸஜீத்துக்கு அது கேட்டவுடனே தெரிந்தது. நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியாது" என்றான்.

"உனக்குத் தெரியாதா?"

"இல்ல. தெரியாது."

வைத்துவிட்டான். அப்படிச் சொன்னால் நெஞ்சுக்குக் கொஞ்சமாவது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தான். இருக்கவில்லை. கடைக்காரர் இரண்டு முட்டைக் கொத்து என்று சத்தம் போட்டார். ஸஜீத் கொத்துத் தகடுகளைக் கையில் எடுத்தான்.